கைநாட்டு போய் கைப்பேசி வந்தது: உரிமை யார் கையில்?



நம் தாத்தா பாட்டி காலத்தில், கிராணி காட்டிய இடத்தில் பெருவிரலில் மை தடவி வைத்தார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று பலருக்குத் தெரியாது. கிராணி நல்லவராக இருந்தால் நல்லது நடந்தது. இல்லாவிட்டால் தலைவிதி என்று வீட்டுக்கு வந்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலெழுத்துப் படித்து, நாம் நம் பெயரைக் கையெழுத்தாகப் போட்டபோது, கைநாட்டுக் காலம் ஒழிந்தது என்று பெருமைப்பட்டோம்.

ஒழிந்துவிட்டதா? அதுதான் இன்றைய கேள்வி.

மருத்துவச் சலுகை, காப்புறுதி, விபத்து உதவித் தொகை, சேமநிதி எல்லாம் இன்று இணையத் தளத்துக்குள் போய்விட்டன. ஐ.சி. எண், கடவுச்சொல், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண், இத்தனையும் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கிறது. இதில் ஒன்று தவறினாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். சில இடங்களில் விரல் ரேகையும் கேட்கிறார்கள். இருபது முப்பது வருடம் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் தேய்ந்துபோன விரலை இயந்திரம் படிக்க மறுக்கிறது. அன்று பெருவிரல் இருந்தால் போதும் என்றார்கள். இன்று அந்தப் பெருவிரலும் செல்லவில்லை!

அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். குலை அறுக்கும் தோழர் ஒருவர், கண்ணில் மட்டை முள் குத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். மூன்று வாரம் எம்.சி. கொடுத்திருந்தார்கள். விபத்து உதவித் தொகைக்கு ஆபீசில் மனுப் போட்டார்கள். மூன்று மாதமாகியும் ஒரு காசு வரவில்லை. கடையில் கடன், பிள்ளைக்குப் பள்ளி பஸ் கட்டணம் பாக்கி. மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது.

"அண்ணே, நமக்குக் கொடுப்பினை இல்ல. என் கேஸ தள்ளிட்டாங்க போல," என்றார்.

யார் தள்ளியது, எப்போது தள்ளினார்கள் என்று கேட்டோம். பதில் தெரியவில்லை. உட்கார்ந்து தேடிப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. கேஸை யாருமே தள்ளவில்லை. மனுவைத் தட்டச்சு செய்தவர் வங்கிக் கணக்கில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டுவிட்டார். 'கணக்கு எண்ணைச் சரிபார்க்கவும்' என்ற செய்தி போய்ச் சேர்ந்தது, அவர் எப்போதோ கைவிட்ட பழைய கைப்பேசி எண்ணுக்கு. திருத்த இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இருபது நிமிடத்துக்காக ஒரு குடும்பம் மூன்று மாதம் வாடியது.

இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் என்று யாரும் இல்லை. அதுதான் நம்மை அதிகம் வருத்துகிறது. முன்பு உரிமையை மறுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளிடம் போய் நியாயம் கேட்கலாம், சண்டை போடலாம். இன்று ஒருவரும் மறுக்காமலேயே உரிமை பறிபோகிறது.

இணையமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பாரம் கொடுக்க ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ் ஏறிப் பட்டணம் போய், வரிசையில் நின்று, 'நாளைக்கு வா' என்று கேட்டுத் திரும்பிய காலம் நமக்கு மறக்கவில்லை. இன்று வீட்டு வாசலில் உட்கார்ந்தபடி, நம் பெயரில் சேமநிதியும் சொக்சோவும் மாதாமாதம் கட்டப்படுகிறதா என்று பார்த்துவிடலாம். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற முதலாளியை அந்த மாதமே கண்டுபிடிக்கலாம். கருவி நல்ல கருவிதான். அது யார் கையில் இருக்கிறது என்பதே விஷயம்.

முதலில் நமக்குள்ள உரிமை எதுவென்று தெரிந்துகொள்வோம்.

மருத்துவ விடுப்பு: வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள், சம்பளத்தோடு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. எம்.சி. கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் நிருவாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வேலைக்கு வராத கணக்கில் எழுதிவிடுவார்கள்.

சொக்சோ: இது யாரும் போடும் பிச்சையல்ல. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த உரிமை. முதல் பிரிவில் உள்ள நம் சம்பளத்தில் ஏறக்குறைய அரை விழுக்காடு இதற்குப் போகிறது. முதலாளி 1.75 விழுக்காடு கட்டுகிறார். வேலையில் அடிபட்டாலும், வேலைக்குப் போகும் வரும் வழியில் அடிபட்டாலும் இதில் அடங்கும். விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால் தினச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்கும். பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு எண் எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதல்லவா?

பெக்கா பி40: அரசாங்கத்தின் ரஹ்மா உதவித் தொகை பெறுகிறவரும் அவருடைய கணவன் அல்லது மனைவியும், 40 வயது ஆகியிருந்தால், இலவச உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். தனியாகப் பதிய வேண்டியதில்லை. தகுதி உண்டா என்று ஐ.சி. எண்ணைப் போட்டு இணையத்தில் பார்க்கலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளில் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும்போது, இதை விட்டுவிடலாமா?

சில நிருவாகங்கள் காப்புறுதி அட்டையும் கொடுக்கின்றன. எந்தக் கிளினிக்கில் செல்லும், ஆண்டுக்கு எவ்வளவு வரை செல்லும், மனைவி மக்களுக்கும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய டிரெசர் நம் முகத்தைப் பார்த்ததும் ஆளை அறிவார். அட்டைக்கு முகம் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 முதல் சேமநிதிப் பணத்தைக் கொண்டே இணையத்தில் காப்புறுதி வாங்க 'ஐ-லிண்டோங்' என்ற வசதி இருக்கிறது. நல்லதா கெட்டதா என்பது அவரவர் குடும்ப நிலையைப் பொறுத்தது. ஆனால் போகிறது முதுமைக்குச் சேர்த்த பணம். படித்துப் பார்க்காமல், பக்கத்து வீட்டார் அழுத்தினார் என்று நாமும் பொத்தானை அழுத்தக் கூடாது.

இனி நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். பதிவில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண் இருக்கட்டும். மண்டோர் எண்ணும் வேண்டாம், கைப்பேசிக் கடைக்காரர் எண்ணும் வேண்டாம். எண்ணை மாற்றினால் மறுநாளே ஆபீசில் சொல்லுங்கள். கடவுச்சொல்லும் ரகசிய எண்ணும் வீட்டுச் சாவி மாதிரி. கேட்கிறவர் எந்த இலாகா பெயரைச் சொன்னாலும் கொடுக்காதீர்கள். எம்.சி., ரசீது எதுவானாலும் படம் பிடித்து வையுங்கள், தாளையும் எறிந்துவிடாதீர்கள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்கி, மனுப் போட்ட தேதி, மனு எண், பேசிய சிப்பந்தியின் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். அன்று அந்தத் தோழரிடம் இப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், அந்தத் தோடு அடகுக்குப் போயிருக்காது.

நிருவாகங்களுக்கும் ஒரு வார்த்தை. 'சிஸ்டம் ஏற்கவில்லை' என்பது பதில் ஆகாது. ஏன் ஏற்கவில்லை, எதைத் திருத்த வேண்டும் என்று தொழிலாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்த பிறகு, ஆபீசில் ஒரு சிப்பந்தியை இதற்கென்று உட்கார வைக்கட்டும். போட்ட மனுவுக்கு ஒரு நகல் தாளில் கொடுக்கட்டும். ரப்பர் தோப்புக்கு நடுவே கைப்பேசிக்கு லைன் கிடைக்காத இடங்கள் இன்னும் உண்டு. அங்கெல்லாம் பழைய தாள் பாரத்தையும் ஏற்றுக்கொள்ளட்டும். இது பெரிய செலவு பிடிக்கிற காரியமல்ல.

நம் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் இளைஞரோ ஒரு பெண்ணோ முன்வந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கிளைச் செயலாளரோடு உட்காருங்கள். அவர்களுக்காக நீங்களே தட்டிவிடாதீர்கள். அவர்கள் விரலாலேயே தட்டப் பழக்குங்கள். பக்கத்தில் வேலை செய்யும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் 2019 முதல் சொக்சோ விபத்துப் பாதுகாப்பு உண்டு. அது தெரியாமல் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

மூன்று நாள் காத்திருந்தும் பதில் இல்லையா? கொடுப்பினை இல்லை என்று வீட்டில் உட்காராதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள். அங்கேயும் இல்லை என்றால் சங்கக் கிளைக்கு வாருங்கள். நாம் கூட வருகிறோம்.

உழைத்தது நாம், கட்டியது நாம். கதவின் சாவியும் நம் கையிலேயே இருக்கட்டும்.