அழிக்கும் விசையைத் தொடாதிருங்கள்



கணினியில் ஓவியம் வரையும் ஆவலோடு டிராயிங் டேப்லெட் வாங்குகிறவர்களில் சிலர், முதல் வாரத்திலேயே "எனக்கு அந்தத் தாலந்து இல்லை" என்று சொல்லி அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு அவசரமானது என்பதே என் எண்ணம்.

திரையில்லாத டேப்லெட்டில் கை மேசையின்மேல் நகர்கிறது. கோடோ எதிரேயுள்ள திரையில் தோன்றுகிறது. நம் கண்ணும் கையும் சிறுவயது முதல் ஒரே இடத்தில் கூடி எழுதப் பழகியவை. அவற்றைப் பிரித்துவைத்தால், காகிதத்தில் தேர்ந்தவருடைய கோடும் தொடக்கத்தில் தள்ளாடும். அது திறமைக் குறைவன்று, பழக்கக் குறைவே.

முதலில் டேப்லெட்டுக்குரிய டிரைவரை நிறுவுங்கள். அது இல்லாவிடில் பேனாவின் அழுத்தத்தைக் கணினி சரிவர உணராமற்போகலாம். டேப்லெட்டின் நீள அகல விகிதத்தைத் திரையோடு பொருத்துங்கள். தவறினால் நீங்கள் வரையும் வட்டம் முட்டையாகிவிடும். மென்பொருளுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. கிரிட்டா இலவசமாகவே கிடைக்கிறது. 8192 அழுத்தநிலைகள் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். அழுத்தவும் தளர்த்தவும் கை கற்காதவரை அந்த எண்ணால் பயனில்லை.

ஆனால் தொடங்குகிறவரை மெய்யாகவே தடுப்பது வேறொன்று. கன்ட்ரோல், இசட் என்னும் இரு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கடைசியாக வரைந்த கோடு மறைந்துவிடுகிறது. ஒரு கோடு, அழிப்பு. மறுபடியும் ஒரு கோடு, மறுபடியும் அழிப்பு. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் திரை வெறுமையாகவே இருக்கிறது. காகிதத்திலோ பிழையான கோடு கண்முன் நிற்கிறது. எங்கே விலகினோம் என்று நமக்குக் கற்பிக்கிறது. ஆகவே முதல் ஒரு மாதம் அந்த விசைகளைத் தொடாதிருங்கள்.

"கணினி தரும் வசதியை ஏன் மறுக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேர்ந்தவர் தவறு இன்னதென்று அறிந்து அழிக்கிறார். புதியவரோ அஞ்சி அழிக்கிறார். அறிவு வரும்வரை அந்த வசதி காத்திருக்கட்டும்.

நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதும். இரு புள்ளிகளை இட்டு ஒரே வீச்சில் இணையுங்கள்; வட்டங்களால் ஒரு பக்கத்தை நிரப்புங்கள். மணிக்கட்டை மட்டும் அசைக்காமல் முழங்கையிலிருந்து கையை நகர்த்துங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தேதியிட்டுச் சேமியுங்கள். மாத முடிவில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

1937இல் பிறந்த ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி, எழுபது வயதைக் கடந்தபின் ஐபோனிலும், 2010 முதல் ஐபேடிலும் வரையத் தொடங்கினார். பல்லாண்டுகள் தூரிகை பிடித்துப் புகழ்பெற்றவர், புதிய கருவியில் சன்னலருகே இருந்த பூக்களையும் வெளியே விடிந்த பொழுதையும் வரைந்தார். எளிய பொருள்களை வரைவதை அவர் தமக்குக் குறைவாக எண்ணவில்லை.

ஆகையால், பெட்டிக்குள் வைத்ததை இன்றே வெளியே எடுங்கள். தள்ளாடும் முதற்கோட்டை அழிக்காமல், அதன் அருகே இரண்டாவது கோட்டை இடுங்கள்.