முந்திரிக் குத்தகையும் மாமாவின் பாலிசியும்

சிதம்பரம் கீழவீதியில் ஒரு புத்தகக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி இன்சூரன்ஸில் வந்து நின்றது. "நம்ம பிரீமியத்த எடுத்து டெரிவேட்டிவ்ல போட்டு சூதாடுறானுங்க தோழர்" என்றார் நண்பர் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்பதுதான் வெட்கக்கேடு. ஏனென்றால் அது தப்பு என்று எனக்குத் தெரியும். தப்பு மட்டுமல்ல, நியாயமாக வரவேண்டிய கோபத்தை வேறு முகவரிக்கு அனுப்பிவிடுகிற பேச்சு அது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மாமாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் கொஞ்சம் முந்திரித் தோப்பு உண்டு. காய்ப்புக்கு முன்பே வியாபாரியிடம் குத்தகை பேசிவிடுவார். அறுவடை நேரத்தில் விலை ஏறினால் வியாபாரிக்கு லாபம், விழுந்தால் நஷ்டமும் அவர் தலையில். மாமா ஏற்றத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நிம்மதியை வாங்கிக்கொள்கிறார். இதைச் சூதாட்டம் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள், செருப்பைத் தேடுவார்.

அதே மாமா போன மாதம் ஒரு 'கேரண்டி' பாலிசி எடுத்திருக்கிறார். வருடத்துக்கு ஒரு லட்சம், பத்து வருடம் கட்ட வேண்டும். இருபதாம் வருட முடிவில் 22 லட்சம், உறுதி. இப்போது கம்பெனியின் இடத்தில் நின்று பார்ப்போம். முதல் லட்சம் கைக்கு வந்துவிட்டது, இன்றைய வட்டியில் அரசுக் கடன் பத்திரம் வாங்கிப் போடலாம். மீதி ஒன்பது லட்சம்? அது வருகிற வருடங்களில் வட்டி எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வாக்குறுதி மட்டும் இன்றே அச்சடித்தாகிவிட்டது. போனஸ் பாலிசியாக இருந்தால் வட்டி குறையும்போது போனஸையும் குறைத்துத் தப்பிக்கலாம். இதில் அந்த வழி கிடையாது.

அதனால் கம்பெனி ஒரு வங்கியிடம் போகிறது. மூன்று வருடம் கழித்து வாங்கப்போகும் நீண்டகாலப் பத்திரத்துக்கு இன்றைக்கே ஒரு வட்டியைப் பேசி முடிக்கிறது. அந்த நாளில் வட்டி விழுந்திருந்தால் வங்கி வித்தியாசத்தைக் கொடுக்கும். ஏறியிருந்தால் கம்பெனி கொடுக்கும். ஃபார்வர்ட் ரேட் அக்ரிமெண்ட் என்று பெயர். காப்பீட்டு ஆணையத்தின் 2014 விதிகள் இதையும் வட்டி ஸ்வாப்பையும் ஃபியூச்சர்ஸையும், இருக்கிற ஆபத்தைக் குறைக்க மட்டும் என்ற நிபந்தனையோடு அனுமதிக்கின்றன. பத்திரத்தையே கைமாற்றிக்கொள்ளும் முன்பேரத்துக்கு ரிசர்வ் வங்கி 2025 மே மாதம் கதவைத் திறந்தது. இதெல்லாம் மாமாவின் குத்தகைச் சீட்டுதான், கோட்டு சூட்டு போட்டிருக்கிறது, அவ்வளவே.

இதைச் செய்யாமல் இருப்பதுதான் சூதாட்டம். ஜப்பானில் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் எண்பதுகளில் 5 சதவீதத்துக்கு மேல் உறுதி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தன. வட்டி பாதாளத்துக்குப் போனது. 1997இல் நிசான் மியூச்சுவல் விழுந்தது, 2001க்குள் மொத்தம் ஏழு. இங்கிலாந்தில் 1762இல் தொடங்கிய ஈக்விட்டபிள் லைஃப், பழைய பென்ஷன் உறுதிமொழிகளைத் தாங்க முடியாமல் 2000 டிசம்பரில் புது வியாபாரத்தை நிறுத்தியது.

நண்பர் உடனே ஏஐஜியை இழுப்பார். இழுக்கட்டும். 2008இல் அமெரிக்க அரசு 85 பில்லியன் டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது உண்மை. ஆனால் ஏஐஜி தன் ஆபத்தைக் குறைக்க டெரிவேட்டிவ் வாங்கவில்லை. ஊரார் கடனுக்கெல்லாம் நான் பொறுப்பு என்று விற்றது, கையில் போதிய பணம் இல்லாமலே. குத்தகைக்கு விட்டவரையும், ஊரிலுள்ள தோப்பையெல்லாம் கடனில் குத்தகை எடுத்தவரையும் ஒரே பெயரில் திட்டக் கூடாது.

அதற்காக ஹெட்ஜிங் என்றாலே பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். 2022 செப்டம்பரில் பிரிட்டனில் வட்டி திடீரென்று எகிறியபோது, வட்டி விழும் என்று பயந்து பாதுகாப்பு எடுத்திருந்த பென்ஷன் நிதிகளிடம் பிணையப் பணம் கேட்டார்கள். கொடுக்கப் பணமில்லாமல் அவை பத்திரங்களை விற்க, விலை இன்னும் சரிய, மத்திய வங்கியே இறங்கி வாங்க வேண்டியதாயிற்று. நம்மூர் கம்பெனிகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இந்த வகையைச் சேர்ந்தது. 'சூதாடுறான்' என்று சொல்லிவிட்டால் இதைக் கேட்கவே வேண்டாம் பாருங்கள்.

சரி, கோபம் எங்கே போக வேண்டும்? மாமாவின் தாளை வாங்கி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். 'பணம் இரண்டு மடங்குக்கு மேல்' என்று ஏஜெண்ட் சொன்னதன் ஆண்டு வட்டி 5.15 சதவீதம். நீண்டகால அரசுப் பத்திரம் ஏறக்குறைய 7 சதவீதம் தருகிற காலம் இது. நடுவில் போனது ஆயுள் பாதுகாப்பு, கமிஷன், செலவு, லாபம், அந்த முன்பேரத்தின் விலை. வரி கிடையாது என்பது உண்மை. மாமாவுக்கு எப்படியும் வரி வராது என்பதும் உண்மை. தன் வாக்குறுதியின் விலையைக் கம்பெனி தசமப் புள்ளிக்குப் பிறகும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. மாமா கையில் கொடுத்த தாளில் அந்த ஒற்றை எண் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வாக்குக் கொடுத்தது கம்பெனி மட்டுமா? பத்து வருடம் தவறாமல் கட்டுகிறேன் என்று மாமாவும் கொடுத்திருக்கிறார். கடலூர் மாவட்டத்தில் பத்து வருடம் என்பது என்ன? 2004 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல், அதில் மாமாவின் மரங்களில் பாதி வேரோடு சாய்ந்தது. முந்திரி மறுபடி காய்க்க வருடங்கள் ஆகும். 2015 வெள்ளம். பாதியில் கட்ட முடியாமல் நின்றால் போட்ட பணம் முழுசாக வராது. ஒரு வருடப் பிரீமியம் கட்டியிருந்தாலே ஓரளவு சரண்டர் மதிப்பு தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில்தான் வந்தது, அதற்கே காப்பீட்டுத் துறையில் அவ்வளவு முனகல். கம்பெனியின் பத்து வருடத்துக்கு வங்கியில் ஆள் இருக்கிறது. மாமாவின் பத்து வருடத்துக்கு எந்த வங்கி முன்பேரம் பேசும்?

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லையென்று திருப்பிக் கொடுக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். அப்போது இன்னும் 11 நாள் இருந்தது. கணக்கைக் காட்டினேன். குத்தகையோடு ஒப்பிட்டதும் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "நான் குத்தகை விடுறப்ப, மரம் விழுந்தா என்னன்னு மொதல்ல பேசிப்பேன் மாப்ள. இதுல அத கேக்கவே இல்ல பாரு" என்றார். திருப்பிக் கொடுத்துடலாமா மாமா என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஜெண்டு நம்ம தெருதான். உங்கக்கா கல்யாணத்துல பந்தி பரிமாறுனவன். எப்பிடிடா மூஞ்ச பாத்து சொல்றது?"