காலண்டரைக் கத்தரித்து அசல் ஓவியம் என்று விற்பதா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய வீடுகள் இடிபடும்போது தேக்கு நிலை ஒரு பக்கம் போகிறது, பித்தளை அண்டா இன்னொரு பக்கம் போகிறது. பூஜையறைச் சுவரில் மாட்டியிருந்த சாமி படங்கள் பழைய சாமான் வியாபாரியின் வண்டியில் ஏறுகின்றன. அதுவரை குற்றமில்லை. வேண்டாதவர் விற்கிறார், வேண்டியவர் வாங்குகிறார். அதே படம் இரண்டு மூன்று கை மாறி, புதுக் கண்ணாடியும் பொன்முலாம் பூசிய சட்டமும் போட்டுக்கொண்டு, "கொண்டையராஜு கையால் வரைந்த அசல்" என்ற சீட்டோடு வரவேற்பறை ஏறுகிறதே, அதைத்தான் கண்டிக்கிறோம். அது வியாபாரம் இல்லை, மோசடி.

சி. கொண்டையராஜு (1898–1976) யாரென்று இந்த வட்டாரத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் தங்கியவர், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டே தெற்கே வந்து கோவில்பட்டியில் நிலைத்தவர். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் எனச் சீடர்கள் அவரைச் சுற்றி வளர்ந்தார்கள். அவர்கள் எழுதிய லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, தமிழ்நாட்டில் சுவர் இருந்த வீடெல்லாம் போனார்கள். பெயரில் ராஜு இருக்கிறது என்பதற்காக அவரை ராஜபாளையத்துக்காரர் ஆக்கி, "சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்த படம்" என்று யாராவது கதை சொன்னால், கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

மோசடி நடக்கும் விதம் எளிது. காலண்டரின் மேலே தகரப் பட்டி இருக்கும். கீழே ஜவுளிக்கடையின் பெயரும் ஊரும், அதற்கும் கீழே தேதித்தாள் கட்டைத் தைத்த கம்பித் துளைகளும் இருக்கும். மேலும் கீழும் பிளேடு வைத்து அறுத்துவிட்டால் மிஞ்சுவது நடுவில் உள்ள தெய்வம் மட்டும். அதன்மேல் வார்னிஷ் ஒரு பூச்சு, ஓரத்தில் தேயிலைச் சாயம் கொஞ்சம். இரண்டு இடத்தில் தூரிகையால் நகைக்கு மஞ்சள் தீற்றிவிட்டால் விரலால் தடவிப் பார்ப்பவருக்கு வண்ணம் மேடாகத் தட்டும். வாங்குபவர் மயங்குகிறார். அறுத்து எறிந்த அந்தத் துண்டுதான் படத்தின் பிறப்புச் சான்று என்பது இந்தக் கும்பலுக்கு நன்றாகவே தெரியும். எந்தக் கடைக்காக, எந்த ஆண்டு, எந்த அச்சகம் அடித்தது என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. சாட்சியைக் குப்பையில் போட்டுவிட்டு, சொந்தக் கணினியில் அடித்த "நம்பகச் சான்றிதழ்" ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள்.

கையெழுத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கும். ஓவியர் அசலின் மூலையில் போட்ட கையெழுத்து படத்தோடு சேர்ந்து அச்சாகிறது. லட்சம் பிரதி ஓடினால் லட்சம் கையெழுத்து. போதாததற்குக் கோவில்பட்டிப் படங்கள் பலவற்றில் குருவும் சீடரும் சேர்ந்தே கையெழுத்திட்டிருக்கிறார்கள். முகம் ஒருவர், பின்னணி ஒருவர் என்று பல கை பட்ட வேலை அது. அங்கே "இது முழுக்க அவர் கை" என்று ஒரு வியாபாரி சத்தியம் செய்வதற்கு என்ன ஆதாரம்?

பார்க்கத் தெரிந்தவருக்குப் பத்து ரூபாய் பூதக்கண்ணாடி போதும். ஆஃப்செட் அச்சில் நிறங்கள் வரிசை பிசகாத புள்ளிகளாகச் சேர்ந்து சின்னச் சின்ன வட்டங்கள் கட்டும். பழைய கல்லச்சில் புள்ளிகள் மணல் தூவினாற்போல ஒழுங்கில்லாமல் கிடக்கும். கையால் எழுதியதில் புள்ளியே இருக்காது. தூரிகை இழுத்த தடமும், அடியில் பென்சில் கோடும், திருத்திய இடத்தில் வண்ணத்தின் கனமும் தெரியும். சட்டத்தைக் கழற்றி அட்டையின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். கழற்றக் கூடாது என்று கடைக்காரர் தடுத்தால் அதுவே பதில்.

இங்கிலாந்தில் கப்பல்களையும் கடலையும் வரைந்து பேர் வாங்கிய மாண்டேகு டாசன் 1973-ல் இறந்தார். அவருடைய அச்சுப்படங்களுக்கும் பெரிய சந்தை உண்டு, போலிகளும் உண்டு. ஆனால் அங்கே அச்சுப்படத்தை அச்சுப்படம் என்றே விற்கிறார்கள். அச்சான பிறகு ஓவியர் பென்சிலால் கையெழுத்திட்ட பிரதிக்கு ஒரு விலை, இடாததற்கு ஒரு விலை. ஓரத்தில் வணிகச் சங்கத்தின் மையில்லாத அழுத்த முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குகிறார்கள். அச்சுப்படம் என்று சொன்னதால் டாசனுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. கொண்டையராஜுவின் நல்ல கல்லச்சுப் பிரதியும் காப்பாற்றத் தகுந்த பொருள்தான். அதை அசல் என்று பொய் சொல்லி விற்பவர், அந்தப் படத்துக்கு உண்மையில் உள்ள மதிப்பையும் சேர்த்தே கெடுக்கிறார்.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க் கோபுரமே உதாரணம். தமிழ்நாடு அரசு முத்திரையை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் என்பதில் பேச்சில்லை. அதில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று ஊரே சொல்கிறது; மதுரை மேலக்கோபுரம் என்ற வாதமும் ஓயவில்லை. ஓர் அரசின் முத்திரைக்கே இந்தக் கதி என்றால், கூலிக்கு எழுதிக் கொடுத்த காலண்டர் படத்தின் கதியைக் கேட்க வேண்டுமா? 2011-ல் கொல்கத்தா அரசு ஓவியக் கல்லூரியில் ரவீந்திரநாத் தாகூர் வரைந்தவை என்று காட்சிக்கு வைத்த படங்களில் இருபது போலி என்று தொல்லியல் துறையின் விசாரணையில் தெரியவந்தது. உலகறிந்த தாகூருக்கே, அதுவும் ஒரு கலைக்கல்லூரியின் கூரைக்குக் கீழேயே.

சட்டம் இல்லாமல் இல்லை. பொய் சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறைகேடான வணிகம். பாரதிய நியாய சன்ஹிதா 318-ன்படி ஏமாற்றுக் குற்றம். ஆனால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் நூறு ஆண்டு ஆன பொருளைத்தான் தொல்பொருள் என்கிறது. நூறு ஆகாதவற்றில் மத்திய அரசு தனியே அறிவித்தவை மட்டும் கலைக்கருவூலம். ரவிவர்மா, தாகூர், ஜாமினி ராய் போன்ற சிலரின் படைப்புகளுக்கு அந்தக் காப்பு கிடைத்திருக்கிறது. கோவில்பட்டிக்குக் கிடைக்கவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டிய கலை பண்பாட்டுத் துறையும் ஓவிய நுண்கலைக் குழுவும் இன்னும் எதற்குக் காத்திருக்கின்றன? கொண்டையராஜுவைப் பற்றி 1995-லேயே விரிவான கட்டுரை எழுதி வெளியிட்டவர் கனடா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் இங்கிலிஸ். அவர் கடல் கடந்து வந்து பார்த்ததை, பஸ் ஏறினால் கோவில்பட்டி போய்ச் சேரும் தூரத்தில் இருக்கும் நாம் பார்க்கவில்லை. வெட்கக்கேடு.

சிவகாசி அச்சகத்தாரையும் விட்டுவிட முடியாது. அசலை வெறும் "டிசைன்" என்று மூலையில் போட்டு, கரையானுக்குக் கொடுத்து, ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்து எழுதவைத்து, ஓவியரின் பெயரைத் துடைத்துவிட்டுக் கடையின் பெயரைப் பெரிதாக அடித்தவர்கள் நீங்கள்தான். இன்றைய போலிக்காரருக்கு வாசலைத் திறந்துவிட்டது அந்த அலட்சியம். சேகரிப்பவர்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. "யாரிடமும் இல்லாதது என்னிடம் இருக்கிறது" என்ற பெருமைக்காக ரசீது கேட்காமல் பணத்தை எண்ணி வைக்கிறீர்கள். ஏமாந்தது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு அடுத்தவர் தலையில் கட்டுகிறீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினோம். அன்று காட்டிய முனைப்பில் பாதி இந்தப் படங்களுக்குக் காட்டினால் போதும். ஒரு தலைமுறையின் கண்ணில் நின்ற சாமிகள் இவை. விருதுநகர் அரசு அருங்காட்சியகம் மாவட்டத்து அச்சகங்களில் எஞ்சியிருக்கும் அசல்களையும் பழைய மாதிரி ஆல்பங்களையும் படமெடுத்துப் பதிவேடு ஆக்கட்டும். ராஜபாளையத்தில் பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே கலைக்குக் கொடுத்து நிறுவிய காந்தி கலை மன்றம் இருக்கிறது. அந்தப் பதிவேட்டின் ஒரு பிரதி அங்கே பொதுமக்கள் புரட்டிப் பார்க்கும்படி இருக்கட்டும். விற்பவர்கள் ரசீதில் "கையால் வரைந்தது", "கல்லச்சு", "ஆஃப்செட்" என்று மூன்றில் ஒன்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்.

அச்சக உரிமையாளர்களுக்கு ஒரே ஒரு வேலை. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த காலண்டர் ஆல்பத்தைப் போடுவீர்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வரைந்தவர் பெயரையும் ஆண்டையும் அச்சிடுங்கள்.