குறட்டை நிம்மதியல்ல

"ஒரு கட்டிங் உள்ள போனாத்தானுங்க அடிச்சுப் போட்டாப்பல தூக்கம் வருது." போன வாரம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்தில், நாமக்கல் கேஸ் டேங்கர் ஓட்டும் ஒருவர் சொன்னார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் அவருக்கு இருப்பதை மருத்துவர் எப்போதோ சொல்லியாகிவிட்டது. சுற்றியிருந்தவர்களோ, "அலுப்புக்குத்தானே" என்று தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது நல்ல தூக்கமென்றால், காலை பத்து மணிக்கு ஸ்டியரிங்கில் ஏன் கண் சொருகுகிறது?

இந்த நோய் உள்ளவர் அயர்ந்ததும் நாக்கும் தொண்டைத் தசையும் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது. நோய் முற்றியவருக்கு மணிக்கு 30 முறையாவது இது நடக்கும். சரக்கு அந்தத் தசைகளை இன்னும் தளர்த்துகிறது. உலுக்க வேண்டிய மூளையையும் மந்தமாக்குகிறது. அடைப்பு நீள்கிறது. தெருவுக்கே கேட்கும் அந்தக் குறட்டை, மூச்சுக்குத் தவிக்கும் ஓசை. அதையா நிம்மதி என்கிறீர்கள்?

மறுபடியும் கேட்கிறேன், பத்து மணிக்கு ஏன் கண் சொருகுகிறது? போதை அதற்குள் இறங்கியிருக்கும். போலீஸ் ஊதச் சொன்னாலும் மாட்டமாட்டார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பு மதுவுக்கு உண்டு. கெட்டுப்போன தூக்கத்தை எந்தக் கருவியில் ஊதிக் காட்டுவது? பின்னால் டன் கணக்கில் கேஸ் வருகிறதே!

வண்டிக்குத் தவறாமல் எஃப்.சி. பார்க்கிறோம். ஓட்டுநருக்குக் கண் முகாம் நடத்துகிறோம். குறட்டை உண்டா, பகலில் அசத்துகிறதா என்று எந்த முதலாளி கேட்டார்? விடிவதற்குள் லோடு இறங்கினால் போதும் அவர்களுக்கு. அரசுக்கும் அக்கறையில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது இதே சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல்லும் அன்று அதற்குள்தான் இருந்தது. 2003 முதல் அரசே டாஸ்மாக்கில் சில்லறையாக விற்கிறது.

இந்த நோய் இருந்தால் இரவில் குடிக்கக்கூடாது. மூச்சு இயந்திரம் கொடுத்திருந்தால் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். "நல்லாத் தூங்கினேன்" என்று சொல்லத் தூங்கியவருக்கு என்ன தெரியும்? பக்கத்தில் விழித்துக் கிடந்து, அடுத்த மூச்சு வருமா என்று பார்த்த மனைவிதான் சாட்சி. அவர் சொல்வதைக் கேட்டு மருத்துவரிடம் போங்கள்.