வெடிக்கு ஒரு நேரம் வையுங்கள்: மன்னாருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிமுனை, பனங்கட்டிக்கொட்டு, பெரியகடை தொடங்கி, தாழ்வுபாடு, பேசாலை, தலைமன்னார், வங்காலை வரை வாழும் எம் உறவுகளுக்கு,

இந்த மடலை எழுதுபவள் உங்கள் ஊர்ப் பிள்ளை. இப்போது இருப்பது கனடாவின் பிரம்டன் நகரில். கடந்த நத்தாருக்கு மன்னாருக்கு வந்தவள், திரும்பிப் போன பிறகும் மனம் ஆறாமல் இதை எழுதுகிறாள். ஊரில் பேச வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன: கனிய மணல், இந்திய இழுவைப்படகுகள், குடிநீர். அத்தனையையும் விட்டுவிட்டு அவள் பிடித்துக்கொண்டிருப்பது சீனவெடியை. இதுவும் ஒரு பிரச்சினையா என்று கேட்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசிக்க வேண்டும்.

நத்தார் இரவுத் திருப்பலி முடிந்ததும் வெடி கொளுத்துவது எங்கள் வழமை. அதில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை. பாலன் பிறந்த சந்தோசத்துக்குக் கொஞ்ச நேரம் வெடித்துவிட்டு, பலகாரத் தட்டோடு அயல் வீடுகளுக்குப் போன சனம் நாங்கள். இப்போது நடப்பது வேறு. நத்தாருக்குக் கிழமைக் கணக்கில் முன்பே தொடங்கி, வருசப் பிறப்பைத் தாண்டியும் ஓய்வதில்லை. பகல், இரவு, விடிசாமம் என்ற கணக்கில்லை. கையில் பிடித்துக் கொளுத்திய மத்தாப்பும் பூவாணமும் ஒதுங்கிப்போய், ஒருமுறை திரி வைத்தால் வானத்தில் தொடர்ந்து வெடித்துக்கொண்டே இருக்கும் பெட்டி வாணங்கள் வந்துவிட்டன. ஒரு வீட்டில் ஒரு பெட்டி கொளுத்தினால் அடுத்த வீட்டில் இரண்டு. அந்தப் போட்டிக்கான காசு எங்கிருந்து வருகிறது என்பதைப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

வருசப் பிறப்பு இரவு. எழுதுபவளின் தாயார் எண்பதைக் கடந்தவர். நேற்று நடந்தது நினைவில் நிற்பதில்லை. பழையது மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் பெட்டி வெடித்ததும் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தார். “பிள்ளை, ஐசியை எடு. லாம்பை நூர்த்துப்போட்டு கோயிலுக்குப் போவம்” என்றார். சின்னப் பிள்ளைகள் வெடி கொளுத்துகிறார்கள் அம்மா என்று சொல்லச் சொல்ல அவர் நம்பவில்லை. “தள்ளாடி ஆமிக் காம்பில இருந்து அடிக்கிறாங்கள்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். விடியும் வரை மகளின் கையை விடவே இல்லை.

மன்னாரில் இப்படி ஒரு அம்மா மட்டுமா இருக்கிறார்? 1999 நவம்பர் 20இல், மடுத் தேவாலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மீது ஷெல் விழுந்து, பிள்ளைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2006 ஜூன் 17இல், பேசாலைத் தேவாலயத்துக்குள் பயந்து ஒதுங்கியிருந்த சனத்தின் மீது குண்டு வீசப்பட்டது. 2008இல் மடு மாதாவின் திருச்சொரூபத்தையே பாதுகாப்புத் தேடித் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக நேர்ந்தது. கோயிலுக்குப் போனால் தப்பலாம் என்று நம்பி, கோயிலுக்குள்ளும் அடிபட்ட மக்கள் நாம். அந்தச் சத்தத்தை உடம்பில் சுமப்பவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்கள் முறைப்பாடு செய்வதில்லை. பேரப்பிள்ளைகளின் சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாதென்று காதைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் பட்டாசுக்கும் பொருந்தும்; செய்யவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது கொழும்பில் பாதுகாப்பு அமைச்சு வரை போகும் விடயம். ஆனால் அந்தச் சட்டத்தின் கவலை மருந்தைப் பற்றியது: யார் வைத்திருக்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது. பள்ளிமுனையில் இரவு இரண்டு மணிக்கு யார் கொளுத்துகிறார்கள் என்று பார்க்க அமைச்சு வராது. அதைப் பார்க்க வேண்டியது நகரசபையும் பிரதேச சபையும்.

அவற்றுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்ல முடியாது. 1939ஆம் ஆண்டின் நகரசபைகள் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் உபவிதி இயற்றவும் வியாபார உரிமம் வழங்கவும் சபைகளுக்கு இடம் தருகின்றன. டிசம்பரில் நகரத்துக்குள் போடப்படும் பண்டிகைக்காலத் தற்காலிகக் கடைகளுக்கு இடம் ஒதுக்குவதே நகரசபைதான். யாருக்கு எந்த இடம், எவ்வளவு வாடகை என்று அத்தனை பேசும் சபை, எந்தச் சரக்கை எத்தனை நாள் விற்கலாம் என்றும் ஒரு வரி சேர்க்கலாமே. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் இரண்டு வருடங்களுக்கு மேல் ஓடியது. அப்போது கேட்க ஆளில்லை என்பது உண்மை. 2025 மே 6ஆம் திகதி நீங்கள் வாக்களித்தீர்கள். இப்போது தவிசாளர்கள் இருக்கிறார்கள், உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இனி அந்தச் சாட்டுச் செல்லாது.

இலங்கையில் சத்தத்துக்கு எல்லை போடுவது புதிய காரியமும் இல்லை. 2007 நவம்பரில், வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் பொதுவான கட்டளை ஒன்றைப் போட்டது: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் எல்லாவற்றுக்கும் அது பொது. விசேட நாட்களுக்கு மட்டும் விலக்கு. அன்று சமயம் அழிந்துவிடவில்லை. மைக்குக்கு வந்த கட்டுப்பாடு அதே வாசலில் வெடிக்கும் பெட்டிக்கு ஏன் வரக்கூடாது?

இந்த மடலை எழுதுபவள், தான் இப்போது வாழும் ஊரைப் பெருமையோடுதான் சொல்கிறாள். பிரம்டனில் விக்டோரியா நாள், கனடா நாள், தீபாவளி, வருசப் பிறப்பு என்று நான்கு நாட்கள் வீட்டு முற்றத்தில் வாணம் விட அனுமதி இருந்தது. நள்ளிரவு தாண்டிய சத்தம், வீதி நிறையக் குப்பை என்று முறைப்பாடுகள் குவிந்தன. 2022ஆம் ஆண்டின் கடைசியில் நகரசபை விற்பனை, பாவனை இரண்டையும் தடை செய்துவிட்டது. தமிழர்களும் பஞ்சாபியரும் நிறைந்த நகரம் அது. தீபாவளி அங்கே சின்னப் பண்டிகை இல்லை. பக்கத்து ரொறன்ரோவில் தனி அனுமதி இல்லாமல் வாணம் விட இரண்டே நாட்கள், அதுவும் இரவு 11 மணி வரைதான். சரம் சரமாக வெடிக்கும் பட்டாசு கனடா முழுவதிலும் 1972 முதல் தடை. அங்கே 311 என்ற இலக்கத்தை அழுத்தினால் நகரசபையில் முறைப்பாட்டைப் பதிந்துகொள்கிறார்கள். தன் ஊரிலும் ஒரு வயோதிபர் தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில் ஒரு குரல் கேட்க வேண்டும் என்று அவள் ஆசைப்படுவது பிழையா?

ஊரை விட்டுப் போனவள் ஊருக்குப் பாடம் எடுக்கிறாள் என்று நினைப்பீர்கள். நினைக்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஷெல் விழுந்த காலத்தில் அவள் விமானம் ஏறினாள், நீங்கள் இருந்தீர்கள். அவளுடைய தாய்க்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பது நீங்கள்தான். அந்தக் கடன் டொலரில் தீராது என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே கட்டளை போடுகிறாள் என்று எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறாள்.

பிரம்டனைப் போல முழுத் தடை வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. பல வருடங்கள் தடையோடு மல்லுக்கட்டிய டில்லிக்கே, 2025 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீபாவளியை ஒட்டிய சில நாட்களுக்குப் பசுமைப் பட்டாசை, நேரம் குறித்து அனுமதித்தது. மன்னாருக்குப் பொருத்தமான வழி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2018இல் அதே நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தபோது, தமிழ்நாடு தன் வழமைக்கேற்ப அந்த நேரத்தைப் பிரித்துக்கொள்ள அனுமதி வாங்கியது. காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. நாட்டின் பட்டாசுத் தொழிலுக்கே தலைநகரான சிவகாசியை வைத்திருக்கும் மாநிலம் அது. அங்கேயும் மீறுபவர்கள் உண்டு. வருடந்தோறும் வழக்குப் போடுகிறார்கள். ஆனாலும் எது முறை, எது மீறல் என்று எல்லாருக்கும் தெரியும். மன்னாரில் நள்ளிரவில் வெடிப்பவனிடம் போய் நிறுத்தச் சொன்னால், “எந்தச் சட்டத்தில இருக்கு?” என்று கேட்கிறான். பதில் சொல்ல யாரிடமும் ஒரு காகிதம் இல்லை.

அடுத்தது பறவைகள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபமே வருகிறது.

2025 ஆகஸ்டில் தொடங்கி, புதிய காற்றாலைகளுக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக நீங்கள் வீதியில் இருந்தீர்கள். பிரம்டனில் இருந்து அதைப் பார்த்து அவள் பெருமைப்பட்டாள். மன்னார்த் தீவின் தென்கரையில் ஏற்கெனவே நிற்கும் 30 காற்றாலைகளைக் காட்டி, வலசை வரும் பறவைகளின் பாதை கெடுகிறது என்று உலகத்துக்கே எடுத்துச் சொன்னீர்கள். அது நியாயமான வாதம். வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் ராம்சார் ஈரநிலமானது. 4,839 ஹெக்டேயர். பூநாரை, ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, கருவால் மூக்கன் என்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்கும் இடம். அவை மத்திய ஆசிய வலசைப் பாதை வழியே ஒக்டோபர் அளவில் வந்திறங்கி, மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. நத்தாரும் வருசப் பிறப்பும் சரியாக அந்த நடுவில் வருகின்றன. மன்னார்ப் பாலத்தின் இரு பக்கமும் ஆழமில்லாத தண்ணீரில் அவை இரவைக் கழிக்கும்போது, நாம் வானத்தைக் கிழிக்கிறோம்.

ஒரு வெடிக்குப் பறவை சாகுமா என்று கேட்கலாம். நெதர்லாந்தில் வானிலை ராடாரில் பார்த்திருக்கிறார்கள். வருசப் பிறப்பு இரவில் பன்னிரண்டு மணி அடித்த சில நிமிடங்களில், ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் ஏரிகளை விட்டெழும்பி, 500 மீற்றர் உயரத்துக்குப் போய் அலைந்தன. 2011இல் வெளியான ஆய்வு அது. அதே 2011 பிறந்த இரவில், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து பீபி என்ற சிற்றூரில் ஐயாயிரம் அளவிலான கரும்பறவைகள் வீதிகளிலும் கூரைகளிலும் செத்து விழுந்தன. வெடிச் சத்தத்தில் இருட்டுக்குள் எழும்பி, வீடுகளிலும் மரங்களிலும் மோதியதே காரணம் என்றார்கள்.

தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்களைப் பாருங்கள். பக்கத்து வேட்டங்குடியில் வந்து தங்கும் பறவைகளுக்காக அவர்கள் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்களை யாரும் சட்டம் போட்டு மறிக்கவில்லை. வீட்டுத் திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்கூட வெடி இல்லை. காற்றாலை விசிறிக்கு முன்னால் பறவைக்காக நின்ற மன்னார், தன் கையில் இருக்கும் நெருப்புப் பெட்டியையும் கொஞ்சம் கீழே வைத்தால், நாளை கொழும்பில் போய் வாதாடும்போது அந்த வாதத்துக்குப் பலம் கூடும்.

இனிக் காசுக் கதை. பெருநாளுக்கும் வருசப் பிறப்புக்கும் வாணம் விட இலண்டன், பாரிஸ், ரொறன்ரோவில் இருந்து காசு போகிறது. யார் அனுப்பியது என்று பேர் சொல்லி வீடியோவும் வருகிறது. எழுதுபவளின் உறவுகளும் அனுப்புகிறார்கள். தங்கள் நகரத்தில் பதினொரு மணிக்குப் பிறகு கொளுத்தத் துணியாதவர்கள், மன்னாரில் விடிய விடியக் கொளுத்தச் சொல்லிக் காசு போடுவது அநியாயம். இந்த வரி புலம்பெயர்ந்த எல்லாருக்கும் சேர்த்துத்தான்: வெடிக்கென்று அனுப்பாதீர்கள். அனுப்ப வேண்டும் என்றால் பங்குத்தந்தையிடம் கேட்டு, மூன்று நேரம் மருந்து குடிக்கும் ஒரு முதியவருக்கு அனுப்புங்கள். டிசம்பரில் நாலு காசு பார்க்கும் கடைக்காரப் பெடியளின் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. மத்தாப்பும் பூவாணமும் விற்றாலும் வியாபாரம்தான்.

மன்னார் நகரசபையிடமும், மன்னார், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு பிரதேச சபைகளிடமும் அவள் கேட்பது இதைத்தான். நத்தார் இரவுக்கும் வருசப் பிறப்பு இரவுக்கும் நள்ளிரவை ஒட்டி அரை மணி நேரம். தீபாவளிக்கும் மற்றத் திருவிழாக்களுக்கும் இரவு பத்துக்கு முன் ஒரு மணி நேரம். வைத்தியசாலை, முதியோர் இல்லம், பாலத்தை ஒட்டிய சரணாலயப் பக்கம் எந்த நேரமும் வெடி இல்லை. பெரிய வாணவேடிக்கை வேண்டுமானால், ஊர் முழுக்க முன்கூட்டி அறிவித்து, சபையே ஒரு இடத்தில் நடத்தட்டும். உபவிதிக்கு மாகாண ஒப்புதலும் வர்த்தமானியும் வேண்டும், மாதங்கள் ஓடும். அதுவரை சபையில் ஒரு தீர்மானம் போதும், தற்காலிகக் கடை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போதும்.

அடுத்த சபை அமர்வுக்கு முன் உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். பெருநாள் கூட்டத்தில் பங்குத்தந்தையிடமும், பள்ளிவாசல் நிர்வாகத்திடமும், ஆலய தர்மகர்த்தாக்களிடமும் இதைச் சொல்லுங்கள். டிசம்பருக்கு இன்னும் காலம் இருக்கிறது.

அன்புடன்,
பிரம்டனிலிருந்து உங்கள் ஊர்ப் பிள்ளை