தோட்டாவை அளக்கும் சட்டம் கையையும் அளக்கட்டும்

ரிவால்வரில் குறி பார்க்க இரண்டு அடையாளங்கள் உண்டு. குழலின் நுனியில் ஒரு சிறு முனை, பின்பக்கம் சுத்தியலுக்கு முன்னால் ஒரு பிளவு. ஆறரை அங்குலக் குழல் உள்ள ஒரு வேட்டை ரிவால்வரில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் ஏறக்குறைய எட்டு அங்குலம்தான். குறி பார்க்கும்போது அந்த முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் 50 கஜத் தொலைவில் குண்டு 22 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 100 கஜத்தில் விலகல் 45 சென்டிமீட்டர். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியோ இருபது சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்த வட்டத்துக்குள் குண்டு பட்டால் மான் சற்று தூரம் ஓடி விழுந்துவிடும். வயிற்றிலோ தொடையிலோ பட்டால் இரவெல்லாம் துடித்து, வேட்டைக்காரர் கண்ணில் படாமலே எங்கோ ஒரு புதரில் சாகும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கி வேட்டை உரிமத்தோடு நடக்கும் முறையான வேட்டை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் வேட்டைக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அங்கேயோ பருவம் தொடங்கும் முன் வெள்ளைவால் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் எல்க்குக்கும் எந்த ரிவால்வர் பொருத்தம் என்ற பேச்சு துப்பாக்கிக் கடைகளில் சூடு பிடிக்கும். அந்தப் பேச்சில் முதலில் வந்து நிற்பது தோட்டாவின் பெருமைதான்: எத்தனை அங்குலம், எத்தனை அடி-பவுண்டு ஆற்றல், எது எல்லாவற்றிலும் பெரியது. வாங்குபவரால் எவ்வளவு தொலைவில் தவறாமல் சுட முடியும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, பல நேரம் வருவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். கடைகள் தாமாக மாற்றாது என்பதால், வேட்டை உரிமம் கொடுக்கும் மாநில அரசுகள்தான் மாற்ற வேண்டும்.

பெரிய தோட்டா மீதான இந்த மோகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1935இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் .357 மேக்னம் ரிவால்வரை வெளியிட்டபோது, வெஸன் குடும்பத்தைச் சேர்ந்த டக்ளஸ் வெஸனே அதை எடுத்துக்கொண்டு எல்க், மூஸ் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடிக் காட்டினார். கைத்துப்பாக்கியாலும் பெரிய விலங்கை வீழ்த்தலாம் என்ற விளம்பரம் அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் இந்தக் கதையின் நாயகர் எல்மர் கீத். ஐடஹோ மாநிலத்தின் சால்மன் பகுதியில் வாழ்ந்த பண்ணைக்காரர், வேட்டை வழிகாட்டி, துப்பாக்கிப் பத்திரிகைகளில் ஓயாமல் எழுதியவர். பழைய .45 கோல்ட் ரிவால்வர்களில் வெடிமருந்தை மிகுதியாக அடைத்துச் சுட்டு, அவை கையிலேயே வெடித்துப்போன அனுபவம் அவருக்கு உண்டு. .44 ஸ்பெஷல் தோட்டா சற்று ஒல்லியானது. அதனால் சிலிண்டரில் அறைகளுக்கு நடுவே அதிக எஃகு மிஞ்சும், அழுத்தத்தைத் தாங்கும். அந்தக் கணக்கோடு அவர் .44க்கு மாறினார். 250 கிரெயின் எடையுள்ள குண்டு, நொடிக்கு 1,200 அடி வேகம். இதைத்தான் அவர் ஆண்டுக்கணக்கில் நிறுவனங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். 1955இன் கடைசியில் ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸனும் சேர்ந்து .44 மேக்னத்தைத் தந்தபோது அது கீத் கேட்டதைவிடவும் வேகமாக இருந்தது. அடுத்த ஆண்டே ரூகர் தன் பிளாக்ஹாக் ரிவால்வரை அதே தோட்டாவுக்குச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது.

அங்கேயே நின்றிருந்தால் வேட்டைக்குக் குறை ஒன்றும் வந்திருக்காது. 1971இல் ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அந்த .44ஐக் கையில் ஏந்தினார். உலகிலேயே வலிமையான கைத்துப்பாக்கி என்று அவர் பேசும் வசனம் வேட்டைக்காரர் அல்லாதவர்களையும் கடைக்கு இழுத்தது. அதன்பின் போட்டி ஓயவில்லை. வயோமிங் மாநிலத்தின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனம் 1983இல் .454 கசூல் தோட்டாவுக்கு ஐந்து அறை ரிவால்வரை விற்கத் தொடங்கியது. 2003இல் ஸ்மித் அண்ட் வெஸன் .500 மேக்னத்தோடு வந்து முதலிடத்தைத் திரும்பப் பிடித்தது. எட்டே கால் அங்குலத்துக்கும் நீண்ட குழலோடு அந்த ரிவால்வரின் எடை இரண்டு கிலோ. அதன் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது ஆற்றல் ஏறக்குறைய 2,500 அடி-பவுண்டு. .44 மேக்னத்தில் இது ஆயிரத்தை ஒட்டி நிற்கும்.

இரண்டரை மடங்கு ஆற்றல் கிடைக்கிறதே, மான் இன்னும் எளிதாக விழாதா என்று தோன்றலாம். விழாது. சரியான இடத்தில் பட்ட .44 குண்டு மானின் விலாவுக்குள் ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறப் போதுமானது. மறுபக்கம் வெளியேறிய பிறகு மிஞ்சும் ஆற்றல் மண்ணைத்தான் கிளறும். தவறான இடத்தில் பட்டால் .500ஆலும் பயனில்லை. அந்த மிகுதி ஆற்றலுக்கான விலையைச் சுடுபவரின் கைதான் கொடுக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், முழு மருந்தோடு சுடும்போது .500இன் பின்னுதைப்பு .44ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பெருங்கரடி நடமாடும் அலாஸ்காக் காட்டில் ஒருவர் அதைத் தற்காப்புக்கு இடுப்பில் தொங்கவிடுவதில் நியாயம் இருக்கிறது. மான் வேட்டைக்கு அதை முதல் துப்பாக்கியாக வாங்குபவருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

பின்னுதைப்பு செய்யும் கேட்டைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. சுடுதளங்களில் பழைய பயிற்சியாளர்கள் இதைச் செய்வார்கள். மாணவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஆறு அறைகளில் மூன்றில் மட்டும் தோட்டாவைப் போட்டு, மூன்றில் சுட்டுமுடித்த வெற்று உறைகளை வைப்பார்கள். சிலிண்டரைச் சுழற்றி மூடிக் கொடுப்பார்கள். எந்த அறை வெறுமை என்று மாணவருக்குத் தெரியாது. முதல் முறை விசையை அழுத்துகிறார், வெடிக்கிறது. இரண்டாவது முறை வெறும் ‘டிக்’ ஓசை. அந்த நொடியில் குழலின் நுனியைப் பார்த்தால் போதும், அது ஓரங்குலம் கீழே குத்தி நிற்கும். துப்பாக்கி உதைக்கவே இல்லை. உதைக்கப்போகிறது என்று எதிர்பார்த்த மணிக்கட்டு அதை முன்கூட்டியே கீழே அழுத்திவிட்டது. உண்மையான தோட்டா இருந்திருந்தால் வெடிச்சத்தமும் தூக்கலும் அந்தக் குத்தலை மறைத்திருக்கும். சுட்டவருக்குத் தன் தவறு தெரியாமலே போயிருக்கும். ஒரு மில்லிமீட்டர் விலகல் என்ன செய்யும் என்று பார்த்தோம். இது அதைப் போலப் பல மடங்கு.

இந்தப் பழக்கம் ஒருமுறை கைக்குள் புகுந்தால் லேசில் வெளியேறாது. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் பெரிய தோட்டாவில் பயிற்சியைத் தொடங்க விடுவதில்லை. .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம். .454 கசூலில் .45 கோல்ட்டைச் சுடலாம். உறை நீளம் மட்டும்தான் குறைவு. மென்மையான தோட்டாவில் நூற்றுக்கணக்கில் சுட்டு, விசையை அழுத்தும் விரல் பழகிய பிறகு வேட்டைத் தோட்டாவுக்கு ஏறுவதே சரியான வழி. ரிவால்வரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரட்டைப் பயன்பாடு ஒரு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

எடையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இடுப்பில் சுமக்க லேசாக இருக்கட்டும் என்று எண்ணி, 700 கிராமை ஒட்டிய எடையுள்ள ஸ்காண்டியம் கலவை .44ஐ வாங்குபவர்கள் உண்டு. அதில் முழு மருந்துத் தோட்டாவைச் சுட்டால் உள்ளங்கை எரியும். அதைவிட மோசமான விளைவு ஒன்று இருக்கிறது. துப்பாக்கி பின்னால் உதைக்கும் வேகத்தில், சுடாமல் மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் உறையிலிருந்து முன்னால் நழுவிவிடும். நழுவிய குண்டு சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது. காயம்பட்ட விலங்குக்கு உடனே இரண்டாவது குண்டு தேவைப்படும் வேளையில் துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாத எஃகு ரிவால்வர், ஆறு முதல் ஏழரை அங்குலக் குழல். மான் வேட்டைக்கு இதுதான் தோதானது. எடை இங்கே சுமை போலத் தெரிந்தாலும் உதைப்பைத் தின்று சுடுபவரைக் காப்பது அதுதான்.

பிடியின் வடிவம் கைக்குக் கை மாறும், கடையில் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். பழைய ரூகர் ரிவால்வர் வாங்குபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1973க்கு முந்தைய, மாற்றியமைக்கப்படாத மாதிரிகளில் சுத்தியலுக்குக் கீழே உள்ள அறை வெறுமையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கீழே விழுந்தாலே வெடிக்கும் ஆபத்து உண்டு. காதுக்கவசம் இல்லாமல் எந்தப் பெரிய ரிவால்வரையும் ஒருமுறைகூடச் சுடக்கூடாது. சத்தம் 160 டெசிபலைத் தாண்டும், கேட்கும் திறன் போனால் திரும்பாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் வாயு விரலைக் கிழித்துவிடும். ரைபிள் பிடித்துப் பழகியவர்கள் இடது கையை அனிச்சையாக அங்கே கொண்டுபோவதால் இது வெறும் எச்சரிக்கைப் பேச்சாகிவிடக் கூடாது.

தொலைவுக்கு வருவோம். கீத் தன் நூலில் சொன்ன ஒரு சம்பவம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேட்டைக்காரர்களிடையே சர்ச்சையாக இருக்கிறது. 600 கஜத் தொலைவில் ஓடிக்கொண்டிருந்த மானை ஆறரை அங்குல .44 மேக்னத்தால் வீழ்த்தியதாக அவர் எழுதினார். நம்பியவர்களும் உண்டு, கேலி செய்தவர்களும் உண்டு. அந்த மான் ஏற்கெனவே உடன்வந்தவரின் ரைபிளால் காயம்பட்டு ஓடிக்கொண்டிருந்தது, அது தப்பிப்போய் வதைபடக் கூடாது என்றுதான் கீத் சுட்டார். இந்தப் பகுதி பேச்சில் கழன்றுபோய், 600 என்ற எண் மட்டும் நின்றுவிட்டது. ஒரு காயத்தை முடித்துவைக்க எடுத்த கடைசி முயற்சி, பின்னால் வந்தவர்களுக்கு ஒரு சாதனை இலக்காகிவிட்டது. 50 கஜத்துக்குச் சரிசெய்த .44இன் குண்டு 100 கஜத்தில் அரையடி தாழ்ந்து பாயும். 150 கஜத்தில் ஒன்றரை அடிக்கும் மேல் தாழும். தொலைவைக் கண்ணால் கணிப்பதில் 30 கஜம் பிழைப்பது வெட்டவெளியில் எவருக்கும் நேரும். சாதாரண வேட்டைக்காரருக்கு ரிவால்வரின் எல்லை 50 கஜம். நன்றாகப் பயின்று, குறிநோக்கியும் பொருத்திக்கொண்டவருக்கு 100. அதற்கு மேல் நெருங்கிப் போகத் தெரிந்திருக்க வேண்டும், முடியாவிட்டால் விட்டுவிடத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? கொலராடோவை எடுத்துக்கொள்ளலாம். பெரிய விலங்குகளுக்கான கைத்துப்பாக்கி .24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குழல் நான்கு அங்குலமாவது இருக்க வேண்டும், குண்டு உடலுக்குள் விரியும் வகையாக இருக்க வேண்டும், 50 கஜத்தில் 550 அடி-பவுண்டு ஆற்றல் எஞ்ச வேண்டும் என்று அந்த மாநிலம் விதித்திருக்கிறது. நல்ல விதிகள்தான். வழக்கமான .357 தோட்டாக்கள் பெரும்பாலும் இந்த அளவைத் தொடுவதில்லை, நல்ல .44 தோட்டாக்கள் தொட்டுவிடும். கலிபோர்னியா இன்னொரு திசையில் போயிருக்கிறது. ஈயக் குண்டின் துகள்கள் கலந்த இறைச்சியைத் தின்று காண்டார் கழுகுகள் மடிவதால், 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடை செய்துவிட்டது. 1982இல் உலகிலேயே 22 மட்டும் எஞ்சியிருந்த பறவை கலிபோர்னியா காண்டார். ரிவால்வர்களுக்கும் முழுச்செம்புக் குண்டுகள் கிடைப்பதால் இந்தத் தடையை மற்ற மாநிலங்களும் தயங்காமல் பின்பற்றலாம்.

ஆனால் இந்த விதிகள் எல்லாமே தோட்டாவைப் பற்றியவை. 1949 முதல் பிறந்தவர்கள் கொலராடோவில் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். அது வாழ்நாளில் ஒருமுறை. இருபது வயதில் படித்தவர் அறுபது வயதில் நடுங்கும் கையோடு .500ஐ வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போக எந்தத் தடையும் இல்லை. நார்வேயில் நிலைமை வேறு. அங்கே மூஸ், மான் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடுபவர் ஒவ்வோர் ஆண்டும் சுட்டுக்காட்ட வேண்டும். 100 மீட்டரில் ஐந்து குண்டுகள், ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். ஒன்று வெளியே போனாலும் அந்த முயற்சி செல்லாது. அது ரைபிளுக்கான தேர்வு, தோளில் ஊன்றிச் சுடும் துப்பாக்கிக்கு. கையை நீட்டிச் சுடும் ரிவால்வருக்கு இப்படியொரு தேர்வு இன்னும் அதிகம் தேவை.

இது வேட்டைக்காரர்களின் உரிமையில் கைவைப்பது என்று எதிர்ப்பு எழும். 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கப்படும் வரிதான் அமெரிக்காவின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பெரும் பணம் தருகிறது என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1970இன் திருத்தத்துக்குப் பின் கைத்துப்பாக்கி மீதான பத்து சதவீத வரியும் அந்த நிதியில் சேர்கிறது. அந்த நிதியில் ஒரு பகுதி வேட்டைக் கல்விக்கும் சுடுதளங்களுக்கும் போகிறது. ஆகவே தேர்வு நடத்தத் தளமும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. வாங்கியவர் தன் சொந்த ரிவால்வரைக் கொண்டுவரட்டும். வேட்டைக்குப் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவை, 50 கஜத்தில் இருபது சென்டிமீட்டர் தட்டின் மேல், மேசையில் சாய்ந்துகொள்ளாமல் ஐந்து முறை சுடட்டும். ஐந்தும் பட்டால் அந்தப் பருவத்துக்கான உரிமத்தில் முத்திரை. படாவிட்டால் சிறிய தோட்டாவோடு மறுபடி வரலாம், அல்லது அந்த ஆண்டு ரைபிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகலாம்.