துர்க் வழக்கு: அந்த மூன்று பெண்களின் சொல்லுக்கு மதிப்பில்லையா?

2025 ஜூலை 25 அன்று சத்தீஸ்கரின் துர்க் தொடர்வண்டி நிலையத்தில் கேரளத்தைச் சேர்ந்த இரண்டு கத்தோலிக்க அருட்சகோதரிகளும் ஒரு பழங்குடி இளைஞரும் கைது செய்யப்பட்டனர். நாராயண்பூர் மாவட்டத்தின் மூன்று பழங்குடிப் பெண்கள் வேலைக்காக அவர்களோடு ஆக்ராவுக்குப் புறப்பட்டிருந்தனர். பஜ்ரங் தளத்தினர் எதிர்ப்புத் தெரிவித்ததும் ஆள்கடத்தல், மதமாற்றம் என்று வழக்குப் பதிவானது. ஆகஸ்ட் 2 அன்று பிலாஸ்பூர் தேசியப் புலனாய்வு முகமை நீதிமன்றம் பிணை வழங்கும்வரை மூவரும் சிறையில் இருந்தனர்.

துறவியரின் கைது நாடாளுமன்றம்வரை ஒலித்தது. அந்த மூன்று பெண்களைப் பற்றியோ மிகக் குறைவாகவே பேசினோம். அவர்கள் வயதுவந்தவர்கள். விரும்பியே புறப்பட்டதாகக் கூறினர். அவர்களுடைய குடும்பத்தினரும் அதையே உறுதிசெய்தனர்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவின்படி, ஆள்கடத்தலுக்குப் பாதிக்கப்பட்டவரின் ஒப்புதல் ஒரு பொருட்டல்ல. கொத்தடிமையாக விற்கப்பட்டவரிடம் 'நீயும் சம்மதித்தாய் அல்லவா?' என்று கேட்டுக் குற்றவாளி தப்பிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் சுரண்டும் நோக்கமும், அச்சுறுத்தல், வஞ்சகம், ஆசைகாட்டல் போன்ற வழிமுறையும் முதலில் மெய்ப்பிக்கப்பட வேண்டும். அவை இல்லாதபோது ஒப்புதலைப் புறந்தள்ளுவது, பழங்குடிப் பெண்ணுக்குச் சொந்த அறிவே கிடையாது என்று அறிவிப்பதாகும். நாட்டில் எங்கும் சென்று உழைக்க அரசியலமைப்பின் 19ஆம் கூறு அளித்த உரிமை அவளுக்கும் உண்டு.

பீகாரில் அருட்சகோதரி சுதா வர்கீஸ் முசகர் மக்களின் குடியிருப்பிலேயே வாழ்ந்தார். சட்டம் பயின்று, வன்கொடுமைக்குள்ளான தலித் பெண்களோடு காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தார். முசகர் சிறுமிகளுக்கு உறைவிடப் பள்ளி நடத்தினார். 2006இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. ஒடுக்கப்பட்ட பெண்கள் தம் புகாரைத் தாமே சொல்லத் துணை நின்றதே அவருடைய பணியின் சாரம். துர்க்கில் அரசு இயந்திரம் செய்தது இதற்கு நேர் எதிரானது.

நிலையத்தில் தாங்கள் மிரட்டப்பட்டதாகவும் தாக்கப்பட்டதாகவும் அப்பெண்கள் பின்னர் வெளிப்படையாகவே கூறினர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவத் தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பையும் பறிக்கிறது. பழங்குடியினருக்கு அத்தகைய மதத் தடை இல்லை. எனவே அப்பெண்கள் கிறித்தவர்கள் என்று சொல்லி அவர்களுக்கு இச்சட்டத்தை மறுக்க முடியாது. 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதியப் பூர்வாங்க விசாரணையும் தேவையில்லை.

அயலாரின் ஐயத்துக்கு அன்றே வழக்குப் பதிய முடிந்த காவல்துறையால், பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலத்துக்கு ஏன் அதே விரைவைக் காட்ட முடியவில்லை? பிணையோடு நாம் நிறைவடைந்துவிடக் கூடாது. துறவியர் மீதும் அந்த இளைஞர் மீதும் தொடுக்கப்பட்ட வழக்கு விலக்கப்பட வேண்டும். அப்பெண்களின் புகார் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வேண்டும். இரண்டையும் சேர்த்தே கோருகிறோம்.